மூதாட்டியின் படம்

கோவை நகருக்கு மேற்கே, பேரூர் செல்லும் சாலையருகில் வசிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சமீபத்தில் சென்றிருந்தோம். கொங்கு நாட்டுப் பழைய வீடுகளை அறிந்த நேயர்களுக்கு அவ்வீட்டின் ஆசாரத்தை வர்ணிக்க வேண்டுவதில்லை. பாட்டன், பாட்டி, பெரியப்பன், இளமையிலேயே காலஞ்சென்ற அத்தை ஆகியோரின் படங்கள் சுவரின் உயரத்தில், சற்றே முன்சாய்ந்து, வரிசையாய்த் தொங்குகின்றன. ஒவ்வொரு கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் உண்டு. நடுவில் காந்தியடிகள். இவ்வரிசையின் கடைசியில், அதே அளவுள்ள மரச்சட்டத்தில், அதே விதமாய்க் கண்ணாடியிடப்பட்டு, ஓர் எலும்புக்கூட்டின் புகைப்படம் மாட்டப்பட்டிருந்தது. கறுப்புத் தளத்தின்மீது பழுப்பு நிறமான துண்டுகள். தாடை ஒன்று, விலாவெலும்புகள் சில, கை எலும்புகள், இடுப்பின் ஒரு பாதி, தொடையெலும்பு ஒன்று. மண்டையோட்டின் பெரும்பகுதி இல்லை. பாதங்கள் இல்லையென்றே சொல்லலாம்.

அன்பர் கல்லூரியில் விலங்கியல் போதிப்பவர். படத்தை மாட்டிய அன்று அவருடைய வயது முதிர்ந்த தாயார் அண்ணாந்து பார்த்து, "ஏஞ்சாமி, இது யாரூட்டு ஆத்தா?" என்று கேட்டாராம். மகன் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எலும்பை ஊட்டுக்குள்ளார வெக்கலாமா?" என்று இரண்டாவது கேள்வியும் வந்ததாம். இதை அன்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்கோ அவ்விரண்டு கேள்விகளும் சிரித்துத் தள்ளத் தக்கனவாகத் தோன்றவில்லை. அம்மூதாட்டி கேட்டவற்றுக்கு இயன்ற அளவில் விடை தேடுவதே இன்று நம் நோக்கம்.

முதலில், படத்திலிருப்பவள் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். 1974-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி, எத்தியோப்பியா தேசத்தில் அபார் பிரதேசத்தைச் சேர்ந்த ஹதார் என்னுமிடத்தில், டொனால்ட் ஜோஹான்ஸன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் டாம் கிரே என்னும் மாணவரும் வறண்ட சரிவொன்றில் நடந்து வருகையில், முழங்கை எலும்பின் துண்டொன்று கண்ணிற் பட்டது. சுற்றிலும் பார்த்தால் மேலும் பல துண்டுகள். மண்ணைச் சலித்துத் தேடியதில் நூற்றுக்கணக்கான துண்டுகள் அகப்பட்டன. அவற்றுள் ஒரே எலும்பு இருமுறை வரவில்லை. ஆகவே, அவை யாவும் ஒரே உடலைச் சேர்ந்தவை என்று நிச்சயித்தார்கள். பொருத்தி அடுக்கியபோது முழு எலும்புக்கூட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு தேறியது. எரிமலைச் சாம்பற் படிவுகளைப் பரிசோதித்து, அவள் வாழ்ந்த காலம் சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயரம் மூன்றரை அடி. ஞானப்பற்கள் முளைத்திருந்தபடியால் பருவமடைந்தவள் என்பது தெளிவு.

இவ்வளவு பழமையான எலும்பு எலும்பாகவே இருப்பதில்லை. மண்ணில் ஊறும் நீரிலுள்ள தாதுப்பொருள்கள் எலும்பினுள் நாளடைவில் புகுந்து படிந்து அதனைக் கல்லாக்கிவிடுகின்றன. உருவம் மட்டும் நிற்கிறது. புதைபடிவம் என்று இன்று நம் பாடப்புத்தகங்கள் கூறுவது இதனையே. எனவே அன்பரின் சுவரிலிருப்பது, கண்டிப்பாகப் பேசினால், ஒரு கல்லின் படம். எலும்பை வீட்டுக்குள் வைக்கலாமா என்ற கேள்விக்கு இது ஒரு சமாதானமாகலாம். அதனைச் சாமர்த்தியமான சமாதானம் என்றுதான் நாமே கருதுகிறோம். தாயாரின் மனம் அதனால் திருப்தியடையாது. அவ்விஷயத்துக்குப் பின்னர் வருவோம்.

இந்த எலும்புகள் சொன்ன செய்தி உலகத்துப் பண்டிதர் பலரின் கொள்கையைத் தலைகீழாக்கியதொன்று. மனிதன் முதலில் மூளை பெருத்தான், அதன்பின் நிமிர்ந்து நடந்தான் என்று ஒரு காலத்தில் மேனாட்டில் நம்பியிருந்தார்கள். அந்நம்பிக்கைக்கு 1912-ல் இங்கிலாந்தில் ஓர் அத்தாட்சியும் அகப்பட்டது! பில்ட்டவுன் என்னும் ஊரில் பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் சேர்ந்தாற்போல் கிடைத்தன. ஆதிமனிதன் ஆங்கிலேயனே என்று மகிழ்ந்து, அம்மண்டையின் படங்களைப் புத்தகங்களில் அச்சிட்டார்கள். 1924-ல் தென்னாப்பிரிக்காவில் டௌங் என்னுமிடத்துக் குழந்தையின் மண்டையை ரேமண்ட் டார்ட் எடுத்துக் காட்டியபோது, அதனை நீண்ட காலம் அலட்சியம் செய்தார்கள். கடைசியில் 1953-ல், பில்ட்டவுன் மண்டை மனித மண்டையோட்டையும் உராங்குட்டான் குரங்கின் தாடையையும் சாயமேற்றிச் சேர்த்த மோசடி என்பது வெட்ட வெளிச்சமாயிற்று. சாம்ராஜ்ய கர்வம் சாஸ்திரத்தின் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமோ? ஹதாரில் கிடைத்த இடுப்பெலும்பும், முழங்காலை நோக்கி உட்சாய்ந்து இறங்கும் தொடையெலும்பும், அவள் இரு கால்களால் நிமிர்ந்து நடந்தவள் என்பதைக் காட்டின. அவளுடைய மூளையோ குரங்கின் மூளையளவினது. நடை முந்தியது, மூளை பிந்தியது.

அவள் நம் நேர்ப் பாட்டியா, சின்னப் பாட்டியா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. அவளுடைய வகையிலிருந்தே மனித வம்சம் கிளைத்தது என்பார் பலர். பக்கத்துக் கிளை என்பாரும் உளர். யாரூட்டு ஆத்தா என்ற கேள்விக்கு, நம் எல்லார் வீட்டு ஆத்தாவும் இவளாயிருக்கலாம், அல்லது ஆத்தாளின் உடன்பிறந்தாளாயிருக்கலாம் என்பதே நேர்மையான விடை.

இனி, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டெடுத்த அன்றிரவு அமெரிக்கர்களின் கூடாரத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்ததாம். அப்பாட்டில் வரும் பெண்ணின் பெயரே லூஸி. எத்தியோப்பியர் அவளைத் தின்கினெஷ் என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் 'நீ அதிசயமானவள்' என்பது அதன் பொருள். நம் அன்பரின் படத்தடியில் லூஸி என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. அவள் பிறந்த மண்ணின் பெயர்கூட இல்லை. எத்தியோப்பியா நமக்கு அந்நிய தேசமன்று. 1935-ல் இத்தாலி அந்நாட்டின்மீது படையெடுத்தபோது, தானே அடிமைப்பட்டுக் கிடந்த பாரத தேசம் அதற்காக மனம் கலங்கிற்று. 1936 மே மாதத்தில் காங்கிரஸ் மகாசபையார் அபிசீனியா தினம் அனுஷ்டித்தார்கள். அத்தேசத்தாரின் பாட்டியை நம் வீட்டுச் சுவரில் மாட்டும்போது அவர்கள் இட்ட பெயரையும் சேர்த்து எழுதுவது மரியாதை. அன்பரிடம் இதைச் சொன்னோம். மறுவாரம் நாம் சென்றபோது தமிழில் அழகாக எழுதி ஒட்டியிருந்தார்.

மூல எலும்புகள் இன்று எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில், அந்நாட்டுத் தேசீயப் பொருட்காட்சிசாலையின் காவலில் இருக்கின்றன. பார்க்கச் செல்வோர் காண்பது பெரும்பாலும் அச்சிலெடுத்த பிரதியையே. 2007 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்கு அவற்றைக் கொண்டுசென்று காட்டியபோது, இத்தகைய பொருளை இப்படி ஊர்சுற்றச் செய்யலாகாது என்று அறிஞர் பலர் ஆட்சேபித்தார்கள். 2025 ஆகஸ்டில் செக் நாட்டுத் தலைநகரான பிராஹாவுக்கும் சில வாரங்களுக்கு அனுப்பினார்கள். அவளோடு சேலம் என்ற குழந்தையும் சென்றது. நம் சேலம் ஜில்லாவை நினைத்து நேயர்கள் மயங்க வேண்டாம். அம்ஹாரிக் மொழியில் அச்சொல்லுக்குச் சாந்தி என்று பொருள். சுமார் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய மூன்று வயதில் இறந்த அக்குழந்தையை 2000-ல் டிகிகா என்னுமிடத்தில் கண்டுபிடித்த குழுவின் தலைவர் ஸெரசெனாய் அலெம்செகெட். அவர் எத்தியோப்பியாவிலேயே பிறந்தவர். 1974-ல் அந்நியர் தேடினார்கள். 26 ஆண்டுகளில் அந்நாட்டான் ஒருவனே தலைமை வகித்துத் தேடினான். சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு எலும்பு ஆராய்ச்சியிலும் அர்த்தம் உண்டு என்பதை நாம் இதிலிருந்து காண்கிறோம்.

வெறும் புகைப்படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்குச் சீன தேசத்துச் சம்பவம் ஒன்றைக் கூறுவோம். பீகிங் நகருக்கருகில் சௌகௌதியன் குகையில் 1929-ல் பேய் வென்சுங் என்னும் சீன ஆராய்ச்சியாளர் ஆதிமனிதனின் மண்டையோடொன்றைக் கண்டெடுத்தார். தொடர்ந்து பலருடைய எலும்புகள் அங்கே கிடைத்தன. யுத்தம் நெருங்கியபோது, பத்திரமாயிருக்கட்டும் என்று அவற்றைப் பெட்டிகளில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் யுத்தம் தொடங்கிய குழப்பத்தில் பெட்டிகள் மாயமாயின. இன்றளவும் அகப்படவில்லை. இன்று உலகம் அம்மனிதர்களைப் பற்றி அறிவதில் மிகப் பெரும்பகுதி, வைடன்ரைக் என்ற பண்டிதர் முன்னரே எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதிகளாலும் சித்திரங்களாலும் புகைப்படங்களாலுமே. எலும்பு போயிற்று, படம் நின்றது.

புகைப்படத்தில் நாம் மதிக்கும் வேறொரு குணமும் உண்டு. சதை வைத்து, ரோமம் வைத்து, கண்ணில் ஒரு பார்வையும் வைத்து ஆதிமனிதனை வரையும் சித்திரக்காரர் தமக்குத் தெரியாததையும் வரைந்துவிடுகிறார். அன்பரின் சுவரிலுள்ள படத்திலோ இல்லாத எலும்பின் இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. கறுப்புத் துணிதான் தெரிகிறது. நமது சரித்திர ஆசிரியர்களிற் சிலர் இப்படத்தைத் தினமும் ஒருமுறை பார்ப்பது நலம்.

நிற்க. நம் நாட்டில் இத்தகைய எலும்புகள் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். 1982 டிசம்பரில் நர்மதை நதிக்கரையில் ஹத்னோரா என்னும் ஊரில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த அருண் சோனகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதியே பாரத தேசத்தில் ஆதிமனிதனைப் பற்றிப் பெரிதாய்ப் பேசப்படும் சாட்சியம். தமிழகத்தில், விழுப்புரம் ஜில்லா பொம்மையார்பாளையத்துக்கருகே ஓடை என்னுமிடத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. ராஜேந்திரன் 2001-ல் செம்பாறைப் படிவினுள் சிசுவின் மண்டையோடொன்றைக் கண்டதாக அறிவித்தார். அவர் கூறும் காலம் 1,66,000 ஆண்டுகளுக்கு முன். கற்கருவிகளோ நம்மிடம் ஏராளம். 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் எடுத்த கற்கருவி உலகப் பிரசித்தம். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையன என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-ல் நிலைநாட்டினார்கள். கருவி இருக்கிறது, அதைப் பிடித்த கை இல்லை. நம் செம்மண்ணும் செம்புறைக் கல்லும் புளிப்புத் தன்மையுடையன. ஆண்டுதோறும் பெய்யும் மழை எலும்பைக் கரைத்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள நிலங்களில்தான் எலும்பு தங்கும்.

இப்போது கொங்கு நாட்டுக்கு வருவோம். இங்கே லட்சக்கணக்கான ஆண்டு பழமையான புதைபடிவம் எதையும் நாம் காட்ட இயலாது. ஆனால் கோவை ஜில்லாவிலேயே, பேரூர் வட்டத்தில், மேற்குமலையடிவாரத்து மோளப்பாளையத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2021-ல் அகழ்ந்து பார்த்தபோது, புதிய கற்காலத்து மக்களின் குடியிருப்பும், அங்கே அடக்கம் செய்யப்பட்டோரின் எலும்புகளும் வெளிப்பட்டன. காலம் கி.மு. 1600-க்கும் 1400-க்கும் இடைப்பட்டது. ஆடு மாடு வளர்த்தவர்கள், தானியம் விளைவித்தவர்கள். கடலிலிருந்து இத்தனை தொலைவிலுள்ள அவ்விடத்தில் கடற்சிப்பிகள் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே அன்றே மேல்கடலோடு போக்குவரத்து இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

கிழக்கே, சென்னிமலைக்கருகில், நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் பல தடவை அகழ்ந்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர். எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலிய பேராசிரியர்கள் அங்கே உழைத்தார்கள். இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்கள் அறுத்த தொழிற்கூடங்களும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. ஊரை ஒட்டிய ஈமக்காட்டில் கல்வட்டங்கள் நிறைந்திருந்தன. அங்கே ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இறந்தவரோடு அவற்றை இட்டுப் புதைத்த உறவினரின் மனம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் கேட்பது இதுதான்: ஹதாரின் மூதாட்டிக்குக் கோவையில் சட்டமிட்ட படம் இருக்கிறது. மோளப்பாளையத்து மூத்தோருக்குப் படம் எங்கே? கோவையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நாம் சென்று பார்த்த பள்ளிகள் எதிலும் அப்படியொன்றைக் காணவில்லை. பிள்ளைகள் எத்தியோப்பியாவின் எலும்பை அறிவார்கள். தம் ஊர் ஓடையைத் தாண்டினால் உள்ளதை அறியார்கள். முன்னதை அறிந்தது குற்றமில்லை. அது நல்லது, வேண்டியது. பின்னதை அறியாததே நமக்கு வருத்தம் தருகிறது.

அதிலும் கொடியது, காட்டுவதற்கு மிச்சமும் குறைந்து வருவதாகும். கொங்கு நாட்டுக் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் பற்றி வால்ஹவுஸ் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தர் 1875-லேயே எழுதியிருக்கிறார். பாண்டியன் குழி என்றும் பாண்டவர் குழி என்றும் நம் ஜனங்கள் அவற்றுக்குப் பெயரிட்டு, கிட்டே போக அஞ்சி, அந்த அச்சத்தாலேயே தலைமுறை தலைமுறையாய்க் காப்பாற்றி வந்தார்கள். பொக்லைன் யந்திரத்துக்கு அச்சமில்லை. ஒரு நாள் காலையில் காடு சமனாகிறது. பலகைக் கற்கள் வேலிக்குப் போகின்றன. பானையும் எலும்பும் மண்ணோடு மண்ணாய் லாரியில் ஏறுகின்றன. சட்டத்தையும் பாருங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவன் கலெக்டருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன். தங்கக் காசு அகப்பட்டால் ஊரே தாசில்தாரிடம் ஓடும். ஒரு தாடையெலும்பின் மதிப்பு பத்து ரூபாயா, அதற்குக் குறைவா என்று யார் சொல்வது? பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க 1966-ல் மாகாணச் சட்டமும் ஏற்பட்டதுண்டு. ஆனால் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அதன் முழுப் பலமும் கிட்டும். பெயர் தெரியாத மேய்ச்சற்காட்டின் கல்வட்டத்துக்கு அதனால் என்ன பயன்?

1984-ல் கென்யாவில் 15 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு சிறுவனின் எலும்புக்கூட்டை, கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்த சிறு மண்டையோட்டுத் துண்டால் முதலில் அடையாளம் கண்டவர் கமோயா கிமேயு. ஆடு மேய்க்கும் குடும்பத்திற் பிறந்தவர், கல்லூரிப் படிப்புப் படியாதவர். கொறங்காடுகளில் ஆடு மாடு மேய்க்கும் நம் மக்களின் கண்ணும் அவருடைய கண்ணுக்குக் குறைந்ததன்று. எந்தக் காட்டில் எத்தனை வட்டம் இருந்தது, எது எந்த ஆண்டில் பெயர்க்கப்பட்டது என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். கேட்பாரில்லை.

இனித் தாயாரின் இரண்டாவது கேள்வி. எலும்பை வீட்டுக்குள் வைக்கலாமா? பேரூர்ப் படித்துறையிலும் பவானிக் கூடுதுறையிலும் பெற்றோரின் அஸ்தியை ஆற்றில் விடும் ஜனங்கள் நாம். எலும்பு மிஞ்சலாகாது, தண்ணீரில் சேர வேண்டும் என்பது நம் வழக்கம். அம்முறையில் வளர்ந்தவர் எலும்புக்கூட்டின் படத்தைக் கண்டு துணுக்குறுவது இயல்பே. அதை மூடநம்பிக்கை என்று தள்ள நாம் துணியோம். இறந்தவரின் உடலை வேடிக்கைப் பொருளாக்கலாகாது என்ற நாகரிகம் அதனுள் இருக்கிறது. பல தேசத்தார் தம் முன்னோரின் எலும்புகளை மேனாட்டுக் காட்சிசாலைகளிலிருந்து திரும்பக் கேட்பதும் இவ்வுணர்ச்சியாலேயே. ஆனால் மோளப்பாளையத்தார் தம் இறந்தோரை ஆற்றில் விட்டவர்களல்லர், மண்ணில் வைத்தவர்கள். நாம் திதி கொடுக்கும் அதே நொய்யலின் தலைப்பகுதியில், நமக்கு 3,500 ஆண்டுகள் முன்னதாக, வேறு விதமாய்த் துக்கம் காத்தவர்கள். அவர்களுக்கு நம் வீட்டில் இடமில்லை என்று நாம் சொல்லலாகாது. எலும்பு அதனுடைய இடத்தில், தக்க காவலில் இருக்கட்டும். படம் நம் சுவருக்கு வரட்டும்.

இதைத் தாயாரிடமே சொல்லிப் பார்த்தோம். சிறிது நேரம் யோசித்து, "அப்பிடின்னா அந்த மோளப்பாளையத்து ஆத்தா படத்தை மொதல்ல வெச்சிருக்கோணுமல்லோ?" என்றார். மகனிடம் பதிலில்லை. நம்மிடமும் இல்லை.

தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையாரும் மனம் வைத்தால் இது பெரிய காரியமன்று. அகழ்வில் எடுத்த படங்கள் அறிக்கைகளுக்குள் உறங்குகின்றன. அவற்றில் ஒன்றிரண்டைத் தெளிவாக அச்சிட்டு, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எடுத்தவர் பெயரையும் தமிழில் கீழே எழுதி, குறைந்த விலைக்குப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். சட்டம் போடும் செலவை அவ்வூர்த் தனவந்தர்கள் ஏற்பார்கள். கோவில் திருப்பணிக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் கொங்கு மக்கள். கல்வட்டமுள்ள காடு யாருக்காவது இருந்தால், உழுவதற்கு முன்னரும் விற்பதற்கு முன்னரும் துறையாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் வரும்வரை நீங்களே படமெடுத்து வையுங்கள். இன்று ஒவ்வொருவர் பையிலும் படப்பெட்டி இருக்கிறது. கல்லின் பக்கத்தில் ஒரு முழக்கோலை வைத்து எடுங்கள், அளவு தெரியும். தேதியும் கிராமமும் சர்வே நம்பரும் குறித்து, ஒரு பிரதியைப் பஞ்சாயத்தில் கொடுங்கள், இன்னொன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டுங்கள்.

முதல் படத்தைப் பேரூர் வட்டத்துப் பள்ளிகளில் மாட்டலாம் என்பது நம் யோசனை. மோளப்பாளையம் அவ்வட்டத்தைச் சேர்ந்த ஊர்.